“நம் தமிழ்ச் சொல்தானே?” என்று விசாரணையில் சொல்லலாமா?

இந்தக் கடிதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 34, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேலை விசாவில் வந்து, துறைமுகத்துக்கு அருகே ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சென்ற மாதக் கடைசியில், சரக்கு இறக்கத் தற்காலிகமாக வந்த ஆறு பேருக்குப் பணம் பாக்கி நின்றது. அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில் இவர் ஆங்கிலத்தில் எழுதினார்: ஆறு கூலிகளுக்குப் (coolies) பணம் பாக்கி, கூலிகளைக் கையெழுத்துப் போட மேலே அனுப்புங்கள். குழுவில் 23 பேர். டிஸ்பாட்ச் பிரிவில் இருக்கும் ஒரு பெண்மணி, “இந்த வார்த்தையை இங்கே எழுதாதீர்கள்” என்று பதில் போட்டார். இவர் ‘ஆண்டி’ (aunty) என்று கூப்பிடுகிறவர், தீபாவளிக்கு வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டவர், டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பகுதித் தமிழ்க் குடும்பம். நம்மவர் விடவில்லை. அகராதிப் பக்கம் ஒன்றைப் படம் எடுத்துப் போட்டு, “இது நம் தமிழ்ச் சொல் ஆண்டி, சம்பளம் என்று அர்த்தம், கோபப்பட என்ன இருக்கிறது?” என்று எழுதி, ஒரு சிரிப்பு முகத்தையும் சேர்த்தார். மறுநாள் காலை எழுத்து மூலம் புகார் போய்விட்டது. இனரீதியாக இழிவுபடுத்தும் சொல்லைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் வரும் வாரம் வியாழக்கிழமை ஒழுங்கு விசாரணை.

“ஊரில் தினமும் சொல்கிற சொல். சினிமாவுக்கே அந்தப் பெயர் வைக்கிறார்கள். இங்கிருக்கும் இந்தியப் பையன்களே ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். நானும் தமிழன், அவரும் தமிழர், இதில் இனவெறி எங்கே வந்தது? வேலை போனால் விசாவும் போகும். விசாரணைக்கு முன்பே ராஜினாமா செய்துவிடலாமா? அவர் மீது நானும் ஒரு புகார் கொடுக்கலாமா? போலீஸ் வரை போகுமா?” இவை அவர் கேள்விகள்.

தம்பி, பதில் கொஞ்சம் நீளமாக இருக்கும். நான் இந்த ஊரில் தொழிலாளர் சட்டம் பார்க்கிற வழக்கறிஞர். என் குடும்பம் இங்கே ஐந்தாவது தலைமுறை. என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் கற்ற தமிழ், எங்காவது இடறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்கு முன்னால் சொல்லைப் பேசிவிடுகிறேன். அது புரியாமல் வியாழக்கிழமை அந்த அறைக்குள் போனால், எந்தச் சட்டப் பிரிவும் உங்களுக்கு உதவாது.

சொல் போன வழி

தமிழில் கூலி என்றால் உழைப்புக்குத் தரும் பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான். ‘மெய்வருத்தக் கூலி தரும்’ என்று வள்ளுவர் 619-ஆம் குறளில் சொல்வது அந்தப் பொருளில்தான். நகைக்கடையில் செய்கூலி, லாரியில் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தையல்காரரிடம் தையல் கூலி. எல்லாம் பணத்தைக் குறிக்கிறது. வேலை செய்கிற மனிதரைச் சொல்ல அதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது: கூலியாள், கூலிக்காரர். ஆங்கிலத்துக்குப் போனபோது அந்த ‘ஆள்’ உதிர்ந்துவிட்டது. கொடுக்க வேண்டிய பணத்தின் பெயர், பணம் வாங்க வேண்டிய மனிதரின் பெயராக ஆகிவிட்டது. நீங்கள் அகராதியில் காட்டிய பொருள் ஒன்று, குழுவில் எழுதிய பொருள் வேறு. நீங்கள் எழுதியது ஆங்கிலச் சொல்லைத்தான் தம்பி. “ஆறு சம்பளங்களை மேலே அனுப்புங்கள்” என்றா எழுதினீர்கள்?

இன்னொன்று. அந்த ஆங்கிலச் சொல் நம்முடையது என்பதுகூட முழுக்க உறுதியில்லை. போர்த்துகீசியர் வழியாகத்தான் அது ஐரோப்பிய மொழிகளுக்குள் போனது. மூலம் எது என்பதில் இரண்டு கட்சி. ஒன்று நம் கூலி. மற்றொன்று குஜராத் பக்கத்துக் கோலி என்ற மக்களின் பெயர். 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் என்ற பழைய ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதி இரண்டையும் எடுத்துப் பேசுகிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தமிழ் தெரியாமல் சொன்ன ஆள் இல்லை. மேற்கே ஒரு சாதிப் பெயராகப் புறப்பட்டு, தெற்கே வந்து நம் கூலியோடு கலந்திருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து. சீனர்கள் அதே ஒலிக்கு இரண்டு எழுத்துகளைப் போட்டுக்கொண்டார்கள். அவற்றின் பொருள் ‘கசப்பு’, ‘வலிமை’. அது மூலம் அல்ல, ஒலிக்கு ஏற்றபடி பிறகு பொருத்திக்கொண்டது. ஆனாலும் ஆறு பேரின் கதைக்கு அகராதியைவிட அது நெருக்கமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ஊரிலும் அது முழுக்க வெள்ளையான சொல் இல்லை. ‘கூலிக்கு மாரடிக்கிறான்’ என்று யாரைப் பாராட்டி இருக்கிறோம்? இந்திய ரயில்வேயே 2016 பட்ஜெட்டில், சுமை தூக்குபவர்களை இனி அப்படி அழைக்காமல் சஹாயக் என்று அழைக்கப் போவதாக அறிவித்தது. யாரும் உறுத்தலாக நினைக்காத சொல்லை யாரும் மாற்ற மாட்டார்கள்.

இப்போது இந்த மண்ணுக்கு வருவோம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்கள் 152,184 பேர். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே இருக்க நினைத்தால் வருடம் மூன்று பவுண்டு வரி என்று 1895-இல் சட்டம் போட்டார்கள். மூன்று பவுண்டு என்றால் 60 ஷில்லிங். நீங்கள் கணக்குக்காரர், எத்தனை மாதக் கூலி என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1914 வரை அந்த வரி இருந்தது.

அந்தச் சொல் வேலையைக் குறித்த காலம் சீக்கிரமே முடிந்துவிட்டது. காந்தி 1893-இல் வந்தார். அவர் ‘கூலி பாரிஸ்டர்’. கடை வைத்திருந்தவர்கள் ‘கூலி வியாபாரிகள்’. மூட்டை தூக்குகிறவர் யார், சட்டம் படித்தவர் யார் என்ற வித்தியாசமே இல்லை. இந்தியத் தோல் இருந்தால் போதும். வடக்கே அப்போது தனிக் குடியரசாக இருந்த டிரான்ஸ்வாலில் 1885-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டம், யாருக்குக் குடியுரிமை கிடையாது, யார் குறிப்பிட்ட பகுதிகளில்தான் வசிக்க வேண்டும் என்று பட்டியல் போடும்போது ‘கூலிகள் எனப்படுவோர்’ என்றே எழுதியது. சட்டப் புத்தகத்திலேயே ஒரு மக்களின் பெயராக அச்சாகிவிட்ட வசைச்சொல் அது. ஆண்டி கேட்டது அந்தச் சொல்லை.

இதற்குத் தோழனாக இன்னொரு சொல்லும் இருந்தது: சாமி. ராமசாமி, முத்துசாமி என்று நம் பெயர்களின் வாலைப் பிடித்து, வெள்ளைக்காரர்கள் எல்லா இந்தியரையும் ‘சாமி’ என்று கூப்பிட்டார்கள். சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உங்கள் எஜமான் இல்லையே என்று சிலர் திருப்பிக் கொடுத்ததையும், அதைக் கேட்டுச் சில வெள்ளையர் கூசியதையும், சிலர் அடிக்கவே வந்ததையும் காந்தி தன் சுயசரிதையில் சொல்கிறார். மொழியில் எவ்வளவு உயர்ந்த சொல்! கடவுளுக்கே வைத்த பெயர். அதையே இங்கே தெருவில் ஆளைக் கூப்பிடுகிற சீழ்க்கையாக்க முடிந்திருக்கிறது. ஆகவே மூலப் பொருள் யாரையும் காப்பாற்றாது. என் அப்பாவின் அம்மா டர்பனின் பெரியா (Berea) மேட்டில் வீடு வீடாகக் காய்கறி விற்றவர். அங்கே அவர் பெயர் ‘கூலி மேரி’. காய்கறிக் கூடையோடு போன எல்லாப் பெண்களும் மேரிதான். வீட்டில் அவர் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசி நான் கேட்டிருக்கிறேன்.

பையன்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கிறார்களே என்கிறீர்கள். சிரிக்கிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன். அடிபட்டவர்கள் தங்கள் தழும்பைக் காட்டிச் சிரிப்பது அது. உங்களுக்கு அந்தத் தழும்பு இல்லை. நீங்கள் பட்டத்தோடும் விசாவோடும் விமானத்தில் வந்தவர். சொன்ன இடமும் திண்ணை அல்ல, சம்பளப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் மேசை. அந்த ஆறு பேரில் நால்வர் இங்குள்ள ஆப்பிரிக்க மக்களான ஸூலுக்காரர்கள், இருவர் இந்தியர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஸூலுக்காரர்களுக்கு அது பொருந்தாதே என்று வாதாட நினைக்காதீர்கள். உடல் உழைப்பு செய்கிறவரைக் கீழே வைக்கிற சொல் என்ற அளவில் அவர்களும் அதில் இருக்கிறார்கள்.

நானும் தமிழன் என்ற வாதம்

இதை வைத்துத்தான் தப்பலாம் என்று நினைக்கிறீர்கள். இதுதான் உங்களைக் கவிழ்க்கக்கூடியது. 2018-இல் அரசியல் சாசன நீதிமன்றம் ருஸ்டன்பர்க் பிளாட்டினம் சுரங்க வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வண்டி நிறுத்தும் இடம் பற்றிய தகராறு. ஒரு ஊழியர் சக ஊழியரை ஆஃப்ரிகான்ஸில் ‘ஸ்வார்ட் மேன்’, அதாவது கறுப்பு மனிதர் என்று குறிப்பிட்டார். அகராதிப்படி பார்த்தால் வெறும் நிற வர்ணனை. கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல் நடுநிலையானதுதான் என்ற இடத்திலிருந்து தொடங்கியது. அரசியல் சாசன நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலைமை அறிந்த, நியாயமான ஒருவர் அந்தச் சூழலில் அதைக் கேட்டால் இனரீதியான இழிவு என்று எடுத்துக்கொள்வாரா என்பதே அளவுகோல், இந்த நாட்டின் நிறவெறி வரலாற்றை ஒதுக்கிவிட்டுச் சொல்லை மட்டும் தனியாக எடைபோட முடியாது என்றது. அந்த ஊழியர் வருத்தம் தெரிவிக்காமல் கடைசி வரை மறுத்துக்கொண்டே இருந்ததும் கணக்கில் எடுக்கப்பட்டது. பணிநீக்கம் நிலைத்தது.

‘கறுப்பு’ என்ற சொல்லுக்கே இந்த நிலை. சட்டத்திலேயே வசையாக அச்சான சொல்லுக்கு அகராதிப் படம் என்ன செய்யும்? 2022 மார்ச்சில் அமலுக்கு வந்த பணியிடத் துன்புறுத்தல் பற்றிய நன்னடத்தைக் குறிமுறையும், துன்புறுத்தல் நடந்தது என்று காட்ட, அந்தச் சொல்லைச் சொன்னவரின் நோக்கத்தை நிரூபிக்கத் தேவையில்லை என்கிறது. புண்படுத்தும் எண்ணம் உங்களுக்கு இருக்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். தண்டனை எவ்வளவு என்று முடிவு செய்யும் கட்டத்தில் அதற்கு நல்ல மதிப்பு உண்டு. தவறு நடந்ததா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் என் அலுவலகத்துக்குத் தாமதமாக வருகிறார்கள்.

போலீஸ் வரை போகுமா?

போக வாய்ப்புக் குறைவு. ஒருவரின் மானத்தைக் கடுமையாகக் குலைப்பது இங்கே கிரிமென் இஞ்சூரியா என்ற குற்றம். சிறைத் தண்டனை வரை கொடுத்த வழக்குகள் உண்டு. ஆனால் அதற்கு வேண்டுமென்றே செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். அறியாமையும் கவனக்குறைவும் போதாது. உங்கள் முதல் செய்தி அந்த எல்லைக்கு அருகில்கூட இல்லை. அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு போட்ட இரண்டாவது செய்திதான் கொஞ்சம் சங்கடம். சமத்துவ நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள் என்று யாரோ பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். பணியிடப் பாகுபாட்டுக்கு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் என்று தனிச் சட்டம் இருப்பதால், இது போன்ற விவகாரம் அந்த வழியில், சி.சி.எம்.ஏ. எனப்படும் தொழில் தகராறுச் சமரச ஆணையத்துக்குத்தான் போகும். அங்கேயும் நிறுவனம் புகாரைக் கண்டுகொள்ளாமல் விட்டால், பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும். அதனால்தான் அவர்கள் இவ்வளவு வேகம் காட்டுகிறார்கள். உங்கள் மீது வன்மம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வியாழக்கிழமைக்கு முன்

குற்றச்சாட்டை எழுத்தில் பெறவும், தயாராக நியாயமான அவகாசம் கேட்கவும், சக ஊழியர் ஒருவரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ துணைக்கு அழைத்துப் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆங்கிலத்தில் பேசத் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். என்னைப் போன்ற வெளி வழக்கறிஞரைப் பொதுவாக உள்விசாரணையில் விட மாட்டார்கள். விட்டாலும் நான் வருவது உங்களுக்கு நல்லதில்லை. சண்டைக்கு வந்தவர் போலத் தெரியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு செய்திகளையும் தனித்தனியாக ஒப்புக்கொள்வேன். முதலாவது, இந்த ஊரில் அந்தச் சொல்லின் எடை தெரியாமல் எழுதியது. இரண்டாவது, சொல்லித் திருத்தியவரை 21 பேர் முன்னால் அகராதி காட்டி மடக்க நினைத்தது. உண்மையில் அவரை அதிகம் சுட்டது இரண்டாவதுதான் என்பது என் ஊகம். மன்னிப்பை எழுதி நிர்வாகத்தின் வழியாகக் கொடுங்கள். அதில் ‘ஆனால்’ வேண்டாம், ‘புண்பட்டிருந்தால்’ வேண்டாம், திருக்குறளும் வேண்டாம். அந்த ஆறு பேருக்கும் சேர்த்துக் கேளுங்கள்; புகார் கொடுத்தவர் ஒருவர், பெயர் வைக்கப்பட்டவர்கள் அவர்கள்.

அப்புறம், உங்களுக்குச் சாதகமானவற்றையும் சொல்லத் தயங்காதீர்கள். மூன்று வருடத்தில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை. வேலையில் சேர்ந்தபோது துன்புறுத்தல் தடுப்புக் கொள்கை பற்றி யாரும் விளக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறிமுறைப்படி அதைப் பணியாளர்களுக்குத் தெரியப்படுத்துவது நிறுவனத்தின் வேலை. இதைத் தண்டனை பற்றிப் பேசும்போது சொல்லுங்கள், மன்னிப்புக்கு நடுவில் சொருகாதீர்கள். இவை எல்லாம் சரியாக நடந்தால் இறுதி எழுத்து எச்சரிக்கையோடு முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பது என் மதிப்பீடு. உறுதி தர முடியாது. இனரீதியான பேச்சுக்கு முதல் தடவையிலேயே வேலையை விட்டு நீக்குவதை இங்கே நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன.

ஒருவேளை நீக்கிவிட்டால், 30 நாளுக்குள் சி.சி.எம்.ஏ.-வில் முறையிடலாம். கட்டணம் இல்லை. வெளிநாட்டவர் என்பது அதற்குத் தடை இல்லை. ஆயுளுக்கும் ‘இனவெறியர்’ என்ற முத்திரையோடு அலைய வேண்டியிருக்குமோ என்ற பயத்துக்கு ஒரு வார்த்தை: நிறுவனம் தரும் பணிச் சான்றிதழில், நீங்களாகக் கேட்டால் தவிர, வேலை முடிந்த காரணத்தை எழுதுவதில்லை.

செய்யக் கூடாதவை

ராஜினாமா வேண்டாம். உங்கள் விசா இந்த நிறுவனத்தின் பெயரில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். கோபத்தில் எழுதிக் கொடுத்த ஒரு தாள், விசாரணை செய்திருக்கக்கூடிய சேதத்தை நீங்களே செய்துகொள்வதாகிவிடும். என்னைத் துரத்தினார்கள் என்று பிறகு நிரூபிக்கும் சுமையும் உங்கள் மீதே விழும். எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் குடிவரவுச் சட்டம் பார்க்கிற ஒருவரிடம் விசாத் தாளைக் காட்டுங்கள்.

எதிர்ப் புகார் கூடவே கூடாது. பாகுபாடு பற்றிப் புகார் சொன்னவரைப் பழிவாங்குவதை வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் தனியாகவே தடுக்கிறது. இப்போது இருப்பது ஒரு குற்றச்சாட்டு. அது இரண்டாகும், இரண்டாவதுக்கு அறியாமை என்று சொல்ல முடியாது.

செய்திகளை அழிக்காதீர்கள். 23 கைபேசிகளில் இருக்கிறது. ஆண்டியின் வீட்டுக்குப் போய்ப் பேசிவிடலாம் என்றும் இப்போதைக்கு நினைக்க வேண்டாம். சாட்சியை மிரட்டினார் என்று யாராவது எழுதிவிட்டால், கையில் கொண்டுபோன இனிப்பு டப்பா உதவிக்கு வராது. எல்லாம் முடிந்த பிறகு, அவராகப் பேசினால் பேசுங்கள். பேசாவிட்டால் காத்திருங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. நான்கு பக்கக் கடிதத்தில் கூலி என்ற சொல்லின் வரலாறு ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. அந்த ஆறு பேருக்கு நின்றுபோன பணம் கிடைத்துவிட்டதா என்று ஒரு வரிகூட இல்லை. கிடைக்கவில்லை என்றால் வியாழக்கிழமைக்கு முன் அதை முடித்து, பெயர் போட்ட ரசீதுகளை விசாரணைக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.